பொருளும் மண்ணும்: டென்மார்க்கின் வரலாற்றுத் தலங்களைக் காண ஒரு முழுமையான வழிகாட்டி

டென்மார்க்குக்குச் செல்லும் பயணிகளில் பெரும்பாலோர் கோபன்ஹேகனில் இரண்டு மூன்று நாட்கள் தங்கி, கடற்கன்னிச் சிலையையும் நியூஹவுன் கால்வாய்க் கரையின் வண்ண வீடுகளையும் பார்த்துவிட்டு அடுத்த நாட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வரலாற்றில் நாட்டமுள்ளவர் அப்படிக் கிளம்பினால் இழப்பது மிக அதிகம். ஆக்சிஜன் புகாத சதுப்பு நிலங்களும் நீர் தேங்கிய புதைமேடுகளும் அந்நாட்டில் மரம், துணி, தலைமுடி, மனிதத் தோல் என வேறெங்கும் மக்கிப்போகும் பொருட்களை மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்து வந்திருக்கின்றன. மண்ணிலிருந்து கிடைக்கும் தங்கமும் வெள்ளியும் அரும்பொருட்களும் அரசுக்கே உரியவை என்பது அங்கு நெடுங்காலமாக நிலவும் சட்டம். கண்டெடுத்தவர் அதை ஒப்படைத்து வெகுமதி பெறுவார். இதன் விளைவாகத் தலைசிறந்த கண்டெடுப்புகள் தலைநகரின் தேசிய அருங்காட்சியகத்தில் சேர்ந்திருக்க, அவை கிடைத்த மேடுகளும் வயல்களும் சில மணி நேர ரயில் தொலைவில் இன்னும் அப்படியே இருக்கின்றன.

எனவே இந்த வழிகாட்டி ஒரே ஒரு விதியைச் சுற்றி அமைந்துள்ளது: ஒரு பொருளை அருங்காட்சியகத்தில் பார்த்தால், அது வந்த மண்ணையும் அதே பயணத்தில் பார்க்கும்படி திட்டமிடுங்கள். இருபது இடங்களை ஓடி ஓடிப் பார்ப்பதைவிட, இவ்வாறு இணைத்துப் பார்க்கும் ஐந்தாறு இடங்கள் அந்நாட்டின் வரலாற்றைத் தெளிவாக விளங்க வைக்கும்.

முதல் படி: பருவத்தையும் நாட்களையும் முடிவு செய்தல்

மே மாதத்தின் நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் இறுதி வரையிலான காலமே இத்தகைய பயணத்துக்கு ஏற்றது. ஜூன் மாதத்தில் பதினேழு மணி நேரத்துக்கும் மேல் பகல் வெளிச்சம் இருப்பதால், அருங்காட்சியகம் மாலையில் மூடிய பிறகும் புதைமேடுகளையும் கோட்டை மதில்களையும் நிதானமாகச் சுற்றி வரலாம். டிசம்பரிலோ பகல் ஏழு மணி நேரம்தான்; திறந்தவெளித் தலங்கள் பல குளிர்காலத்தில் மூடியிருக்கும் அல்லது மிகக் குறைந்த நேரமே திறந்திருக்கும். கோடை தவிர்த்த மாதங்களில் திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை என்பதால், அந்த நாளைப் பயணத்துக்கென ஒதுக்கிக்கொள்வது நல்லது. டிசம்பர் 24, 25, 31 ஆகிய நாட்களில் ஏறத்தாழ எல்லாமே மூடியிருக்கும்.

குறைந்தது ஆறு நாட்கள் ஒதுக்குங்கள்: தலைநகருக்கு இரண்டு, ரோஸ்கில்ட நகருக்கு ஒன்று, ஹெல்சிங்ஓருக்கு ஒன்று, யூட்லாந்து தீபகற்பத்துக்கு இரண்டு. நாட்கள் குறைவாக இருந்தால் எதை விடுவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாம் படி: ஆவணங்கள், பணம், ரயில்

இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மதிப்பிலான மருத்துவக் காப்பீடு கட்டாயம். டென்மார்க் ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடாக இருந்தாலும் அதன் நாணயம் யூரோ அன்று, குரோன். ஆனால் நோட்டுகளைத் தொடாமலே முழுப் பயணத்தையும் முடித்துவிடலாம், ஏனெனில் சிறு கடை உட்பட எல்லா இடங்களிலும் கார்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

தலைநகரில் தங்கும் நாட்களுக்கு கோபன்ஹேகன் கார்டு என்னும் பயண அட்டை பெரும்பாலும் லாபமே. தேசிய அருங்காட்சியகம், ரோசன்போர்க் அரண்மனை, குரோன்போர்க் கோட்டை, ரோஸ்கில்டவில் உள்ள வைக்கிங் (பண்டைய வட ஐரோப்பியக் கடலோடிகள்) கப்பல் அருங்காட்சியகம் ஆகியவற்றின் நுழைவுக் கட்டணத்தோடு, ரோஸ்கில்டவுக்கும் ஹெல்சிங்ஓருக்கும் செல்லும் ரயில் கட்டணமும் அதில் அடங்கும். இந்த அட்டை யூட்லாந்தில் பயன்படாது. அங்கு செல்ல, டென்மார்க் ரயில்வேயின் குறைந்த விலை டிக்கெட்டுகளைச் சில வாரங்களுக்கு முன்பே இணையத்தில் வாங்கிவிடுங்கள். கடைசி நேர விலைக்கும் முன்பதிவு விலைக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. ரயில், பேருந்து நேரங்களை ஒரே இடத்தில் பார்க்க ரைசபிளேனன் என்னும் செயலி போதும். உணவகச் செலவு மிக அதிகம் என்பதால், பல அருங்காட்சியகங்களில் சொந்த உணவை உண்ணுவதற்கென இடம் ஒதுக்கியிருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சைவ உணவு உண்பவர்களுக்கு இது இரட்டை நன்மை.

மூன்றாம் படி: தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு முழு நாள்

கோபன்ஹேகனின் மையத்தில், கிறிஸ்டியன்ஸ்போர்க் அரண்மனைக்கு அருகே, இளவரசர் மாளிகை என்று அழைக்கப்பட்ட பழைய கட்டடத்தில் தேசிய அருங்காட்சியகம் இயங்குகிறது. பெரிய பைகளைப் பூட்டுப்பெட்டியில் வைத்துவிட்டு, வேறு எந்தத் தளத்துக்கும் போகாமல், தரைத்தளத்தில் உள்ள தொல்பழங்காலப் பிரிவுக்கு நேராகச் செல்லுங்கள். காலை நேரக் கவனம் முழுவதும் அதற்கே உரியது. அறைகள் கால வரிசையில் அமைந்திருப்பதால் எண் வரிசைப்படியே நடந்தால் போதும்.

இந்த வரிசைக்கே ஒரு வரலாறு உண்டு. நம் பள்ளிப் பாடநூல்களில் படிக்கும் கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என்னும் பகுப்பு இந்த அருங்காட்சியகத்தின் முன்னோடி நிறுவனத்தில், பொருட்களை அலமாரிகளில் ஒழுங்குபடுத்தும் பணியிலிருந்து உருவானதே. அதைச் செய்தவர் கிறிஸ்டியன் யூர்கன்சன் தாம்சன். 1816இல் தொல்பொருள் ஆணையத்தின் செயலாளராகப் பொறுப்பேற்ற அவர், குவிந்து கிடந்த கருவிகளை அவை எதனால் செய்யப்பட்டவை, எவற்றோடு சேர்ந்து கிடைத்தன என்று பார்த்துப் பிரித்தார். 1836இல் வெளியான வழிகாட்டி நூலில் அந்த முறை அச்சேறியது. ஆதிச்சநல்லூரைப் பற்றி எழுதும்போது நாம் கையாளும் ‘இரும்புக் காலம்’ என்ற சொல்லாட்சிக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

நான்கு பொருட்களின் முன் நீண்ட நேரம் நில்லுங்கள். முதலாவது, ட்ருண்ட்ஹோல்ம் சூரியத் தேர். 1902இல் சீலாந்துத் தீவின் வடமேற்கில், சதுப்பாக இருந்த நிலத்தை முதன்முறையாக உழுதபோது கிடைத்தது; கி.மு. 1400 அளவில் செய்யப்பட்டது. வெண்கலக் குதிரை ஒன்று வட்டத் தகட்டை இழுத்துச் செல்கிறது. இரண்டும் ஆறு சக்கரங்கள் மேல் நிற்கின்றன. தகட்டின் ஒரு பக்கத்தில் மட்டுமே தங்கத் தகடு போர்த்தப்பட்டிருக்கிறது, மறுபக்கம் கறுத்திருக்கிறது. பகலும் இரவும் என்று ஆய்வாளர்கள் இதற்குப் பொருள் கொள்கிறார்கள். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி வந்து இரு பக்கங்களையும் பார்க்காமல் நகர வேண்டாம். அருகில் குனிந்து பார்த்தால், மெல்லிய தங்கத்தின் மேல் அழுத்தப்பட்ட சுருள் வட்டங்கள் ஒன்றோடொன்று கோத்திருப்பது தெரியும்.

இரண்டாவது, எக்ட்வெட் பெண். கி.மு. 1370ஆம் ஆண்டுக் கோடையில், பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குள் இறந்த ஒருத்தி, ஓக் மரத்தைக் குடைந்த பெட்டியில் மாட்டுத் தோலின் மேல் கிடத்தப்பட்டாள். இவ்வளவு துல்லியமான ஆண்டு கிடைத்தது மரத்தின் வளைய எண்ணிக்கையால்; கோடை என்று தெரிந்தது, பெட்டிக்குள் வைக்கப்பட்டிருந்த ஒரு பூவால். எலும்புகள் ஏறக்குறைய முற்றிலும் கரைந்துவிட்டன, ஆனால் தலைமுடியும் நகமும் பற்களும், கம்பளி நூல் கயிறுகளாலான குட்டைப் பாவாடையும், வயிற்றின் மேல் அணிந்த சுருள் வேலைப்பாடுள்ள வெண்கல வட்டமும் நிலைத்துவிட்டன. தேன் சேர்த்த பானம் இருந்த மரப்பட்டைக் குவளை காலடியில் வைக்கப்பட்டிருந்தது. அவளோடு எரியூட்டப்பட்ட ஒரு குழந்தையின் எலும்புகளும் இருந்தன.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பற்களிலும் முடியிலும் உள்ள ஸ்ட்ரான்சியத்தை (வாழும் நிலத்திலிருந்து உணவும் நீரும் வழியாக உடலில் சேரும் ஒரு தனிமம்) ஆராய்ந்த 2015ஆம் ஆண்டு ஆய்வு, அவள் பிறந்தது இன்றைய தென் ஜெர்மனிப் பகுதியாக இருக்கலாம் என்றது. 2019இல் வேறு ஆய்வாளர்கள், விளைநிலங்களில் இடப்படும் சுண்ணாம்பு அந்தக் கணக்கீட்டின் அடிப்படை அளவுகளை மாற்றியிருக்கலாம் என்றும், அவள் உள்ளூர்க்காரியாகவே இருக்க வாய்ப்புண்டு என்றும் வாதிட்டார்கள். விவாதம் முடியவில்லை. விளக்கப் பலகை எழுதப்பட்ட ஆண்டில் ஏற்கப்பட்டிருந்த கருத்தையே அது சொல்லும். எந்த அருங்காட்சியகத்திலும் பலகையை இந்த நினைவோடு படியுங்கள்.

மூன்றாவது, 1891இல் வட யூட்லாந்துச் சதுப்பு ஒன்றில் கரிமண் வெட்டுவோர் கண்டெடுத்த குண்டஸ்ட்ரூப் கொப்பரை. ஏறக்குறைய ஒன்பது கிலோ எடையுள்ள இந்த வெள்ளிக் கலத்தின் தகடுகளில் கொம்புடைய தெய்வ உருவமும் போர்வீரர் அணிவகுப்பும் உள்ளன, யானைகள்கூட உள்ளன. யானையை அறியாத நாட்டின் சதுப்புக்குள் இது எப்படி வந்தது என்ற கேள்விக்கு, தென்கிழக்கு ஐரோப்பாவில் செய்யப்பட்டது என்பது பலர் ஏற்கும் விடை. நான்காவது மிகச் சிறியது: யெல்லிங் புதைமேட்டிலிருந்து 1820இல் கிடைத்த வெள்ளிக் கிண்ணம், உயரம் ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லை. பெரும்பாலோர் கவனிக்காமல் கடந்து போவார்கள். நீங்கள் அதன் வடிவத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள், அது கிடைத்த மேட்டின் மேல் சில நாட்களில் ஏறப்போகிறீர்கள்.

அருகிலேயே கல்லஹூஸ் தங்கக் கொம்புகள் இருக்கும், அவை நகல்கள். 1639இலும் 1734இலும் கிடைத்த அசல் கொம்புகளை 1802இல் நீல்ஸ் ஹைடன்ரைக் என்னும் பொற்கொல்லர் திருடி உருக்கிவிட்டார்.

மதிய உணவுக்குப் பிறகு மேல்தளங்களைப் பார்க்கலாம். தமிழர்கள் தவறவிடக் கூடாத பகுதி, டென்மார்க்கின் குடியேற்றங்களைப் பற்றியது. தரங்கம்பாடிக்கு அதில் இடம் உண்டு. அந்த இழையை ஐந்தாம் படியில் விரிவாகத் தொடர்வோம்.

நான்காம் படி: ரோஸ்கில்ட

கோபன்ஹேகனிலிருந்து ரயிலில் சுமார் 25 நிமிடம். காலையில் பேராலயம், பிறகு பூங்கா வழியாக இறங்கித் துறைமுகத்தில் உள்ள கப்பல் அருங்காட்சியகம் என்று வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். பேராலயம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. திருமணமோ இறுதிச் சடங்கோ நடந்தால் பார்வையாளர்களுக்கு அனுமதி இராது. எனவே அன்றைய நேரத்தை முதல் நாளே இணையதளத்தில் பார்த்துவிட வேண்டும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொடங்கி செங்கல்லால் எழுப்பப்பட்ட இந்தப் பேராலயம் 1995 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளது. நாற்பதளவிலான அரசர்களும் அரசிகளும் இங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு காலத்தவரும் தமக்கென ஒரு சிற்றாலயத்தை ஒட்டிக் கட்டிக்கொண்டதால், கட்டடத்தைச் சுற்றி நடந்தாலே பல நூற்றாண்டுகளின் கட்டடப் பாணி மாற்றம் கண்ணுக்குத் தெரியும். டென்மார்க், நார்வே, ஸ்வீடன் மூன்றையும் ஒரே ஆட்சியின் கீழ் கொண்டுவந்து 1412இல் மறைந்த முதலாம் மார்கிரேட்டின் ஈமப்பேழை பலிபீடத்துக்குப் பின்னால் இருக்கிறது. முதலாம் கிறிஸ்டியனின் சிற்றாலயத்தில் ஒரு தூணில் அரசர்களின் உயரங்கள் கோடுகளாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. குழந்தைகளோடு செல்பவர்கள் அங்கே நெடுநேரம் நிற்க நேரிடும்.

கப்பல் அருங்காட்சியகத்தின் கதை இதே கடற்கழியில் நடந்தது. சுமார் 1070இல், ரோஸ்கில்டவைத் தாக்க வரும் எதிரிக் கப்பல்களைத் தடுக்க, ஸ்கூல்டெலவ் என்னும் ஊருக்கு அருகே கழியின் குறுகிய வாய்க்காலில் பழைய கப்பல்களில் கற்களை நிரப்பி மூழ்கடித்தார்கள். 1962இல் அந்த இடத்தைச் சுற்றி அணை கட்டி, நீரை இறைத்து, ஆயிரக்கணக்கான மரத்துண்டுகளை எடுத்தார்கள். ஆறு கப்பல்கள் என்று எண்ணி எண்ணிட்டுவிட்டு, இரண்டாவதும் நான்காவதும் ஒரே நீண்ட போர்க்கப்பலின் பகுதிகள் என்று பின்னர் கண்டறிந்தார்கள்; அதனால்தான் இன்று 1, 2, 3, 5, 6 என்ற எண்களில் ஐந்து கப்பல்கள் உள்ளன. இரண்டாம் எண் கப்பல் முப்பது மீட்டர் நீளம். அதன் மரம் 1042இல் அயர்லாந்தின் டப்ளின் பகுதியில் வெட்டப்பட்டது என்று மர வளையங்கள் காட்டின. அதன் மாதிரியை அதே முறையில் கட்டி, 2007இல் டப்ளினுக்கு ஓட்டிச் சென்று மறு ஆண்டு திரும்பினார்கள். அந்த மாதிரிக் கப்பலைப் பார்த்த பிறகே அசலின் எலும்புக்கூடு போன்ற எச்சம் புரியத் தொடங்கும். கோடையில் பயணிகளே துடுப்பு வலித்து ஓட்டும் படகுப் பயணமும் உண்டு; கைவினைஞர்கள் கோடரியால் பலகை செதுக்குவதையும் அருகில் நின்று பார்க்கலாம்.

1969இல் திறக்கப்பட்ட பழைய காட்சிக்கூடம் 2013 டிசம்பர் புயலின்போது கடல்நீரால் அச்சுறுத்தப்பட்டது. அதன் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்ற தகுதியும் 2018இல் நீக்கப்பட்டது. அசல் கப்பல்களுக்குப் புதிய இடம் அமைக்கும் பணி தொடர்வதால், நீங்கள் செல்லும் நாளில் அவை பார்வைக்கு உள்ளனவா என்று தவறாமல் சரிபாருங்கள்.

ஐந்தாம் படி: ஹெல்சிங்ஓரும் தரங்கம்பாடி இழையும்

தலைநகரிலிருந்து வடக்கே முக்கால் மணி நேர ரயில் பயணத்தில் ஹெல்சிங்ஓர் வரும். நிலையத்திலிருந்து குரோன்போர்க் கோட்டை நடக்கும் தொலைவுதான். ஹாம்லெட் நாடகத்தின் களம் என்பதால் பலர் வருகிறார்கள். ஆனால் கோட்டையின் உண்மையான பொருள், எதிரே நான்கு கிலோமீட்டரில் தெரியும் ஸ்வீடன் கரையில் இருக்கிறது. இந்தக் குறுகிய நீரிணையைக் கடக்கும் அயல்நாட்டுக் கப்பல்கள் அனைத்தும் இங்கே நின்று டென்மார்க் மன்னருக்குச் சுங்கம் செலுத்த வேண்டியிருந்தது. 1429 முதல் 1857 வரை வசூலான அந்தப் பணமே அரண்மனைகளையும் போர்களையும் நடத்தியது. பீரங்கி மேடைகளில் முதலில் நின்று நீரிணையைப் பார்த்துவிட்டு, பிறகு உள்ளே செல்லுங்கள். நிலவறைகள் கோடையிலும் குளிர்ந்து ஈரமாக இருக்கும், மேல்சட்டை தேவை.

அருகில் பழைய உலர் கப்பல்துறையைச் சுற்றி நிலத்தடியில் அமைந்து 2013இல் திறக்கப்பட்ட கடல்சார் அருங்காட்சியகம் ஆசிய வணிகத்தின் கதையைச் சொல்கிறது. நான்காம் கிறிஸ்டியன் 1616இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அனுமதி அளித்தார். 1618இல் ஓவெ யெத்த என்னும் இளம் பிரபுவின் தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. 1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை ஏற்பட்டு, தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் எழுதிய கடிதம் கோபன்ஹேகனில் உள்ள அரசு ஆவணக் காப்பகத்தில் பேணப்படுகிறது. 1845இல் தரங்கம்பாடி ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது.

இந்த இழையைப் பிடித்துச் செல்ல விரும்புபவர், நான்காம் கிறிஸ்டியன் கட்டிய ரோசன்போர்க் அரண்மனையையும் ரோஸ்கில்டவில் அவரது சிற்றாலயத்தையும் இணைத்துப் பார்க்கலாம். ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக்கு அனுப்பிய நான்காம் பிரெடரிக்கும் அதே பேராலயத்தில்தான் இருக்கிறார். 1706இல் கரையிறங்கிய சீகன்பால்குவின் தமிழ் அச்சுப் பணிக்குப் பின்னிருந்த அரசரின் பேழைக்கு முன் ஒரு தமிழ் வாசகர் நிற்பதற்குத் தனிப் பொருள் உண்டு என்று நான் நம்புகிறேன்.

ஆறாம் படி: யூட்லாந்து

காலை ரயிலில் வைலே நகருக்குச் செல்லுங்கள்; இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். அங்கிருந்து யெல்லிங் பத்துப் பதினைந்து நிமிடம். சிற்றூரின் நடுவே இரண்டு பெரும் மண்மேடுகள், இடையில் ஒரு வெள்ளைத் தேவாலயம், அதன் வாசலில், ரூன் என்னும் பண்டைய வட ஐரோப்பிய எழுத்து பொறித்த இரண்டு கற்கள். பெரிய கல்லை ஏறத்தாழ 965இல் நிறுவியவர் டென்மார்க் மன்னர் ஹரால்ட் புளூடூத். நம் கைப்பேசிகளில் உள்ள நுட்பத்துக்குப் பெயர் தந்தவர் இவரே. தந்தை கோர்ம், தாய் தீரா நினைவாக இதைச் செய்ததாகவும், டென்மார்க் முழுவதையும் நார்வேயையும் வென்று டேனியரைக் கிறித்தவராக்கியதாகவும் கல் சொல்கிறது. ஒரு முகத்தில் எழுத்து, மற்றொன்றில் பாம்பு சுற்றிய விலங்கு, மூன்றாவதில் கிறிஸ்து. 2011 முதல் கற்கள் கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பதால் நண்பகலில் பிரதிபலிப்பு தொல்லை தரும். காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள்.

மேடுகளின் மேல் ஏறலாம். வட மேட்டின் உள்ளே காலியான கல்லறை அறைதான் இருந்தது. கோபன்ஹேகனில் நீங்கள் பார்த்த சிறு கிண்ணம் அங்கிருந்து வந்தது. தென் மேட்டில் அடக்கமே இல்லை. உச்சியிலிருந்து, வெள்ளைத் தூண்கள் வரிசையாக ஊரைச் சுற்றி நிற்பது தெரியும். அண்மை அகழாய்வுகளில் வெளிப்பட்ட மாபெரும் மரவேலியின் தடத்தை அவை குறிக்கின்றன. எக்ட்வெட் பெண்ணின் மேடு வைலேயிலிருந்து தென்மேற்கே சுமார் இருபது கிலோமீட்டரில் உள்ளது. பேருந்து குறைவு என்பதால் வாடகைக் கார் உள்ளவர்கள் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

அன்றிரவு ஓர்ஹூஸ் நகரில் தங்குங்கள். மறுநாள் சில்கபோர்க் அருங்காட்சியகம் செல்ல ரயிலில் முக்கால் மணி நேரம். 1950இல் சதுப்பில் கரிமண் வெட்டிய சகோதரர்கள் ஓர் உடலைக் கண்டு, அண்மையில் நடந்த கொலை என்றெண்ணிக் காவல் துறைக்குச் சொன்னார்கள். அவர் இறந்து இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. டோலுண்ட் மனிதர் தோல் குல்லாயோடு, கழுத்தில் பின்னிய தோல் கயிற்றோடு, உறங்குபவர் போலக் கிடக்கிறார். தாடையில் முளைத்த முடியும் நெற்றிச் சுருக்கமும் தெளிவாகத் தெரியும். தலை மட்டுமே அசல், உடல் மறு உருவாக்கம் என்பதை முன்பே அறிந்து செல்லுங்கள். வாற்கோதுமையும் ஆளி விதையும் களைச்செடி விதைகளும் கலந்த கஞ்சியும், மீனும் அவரது கடைசி உணவு என்று 2021இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

ஓர்ஹூஸுக்கு வெளியே, புல் போர்த்திய சாய்ந்த கூரையுடன் 2014இல் திறக்கப்பட்ட மோஸ்கோர் அருங்காட்சியகக் கட்டடத்தில் கிரௌபல்ல மனிதரைக் காணலாம். 1952இல் கிடைத்த அவரது முழு உடலும் அசல், கழுத்து அறுக்கப்பட்டிருந்தது. இரண்டு இடங்களுக்கும் நேரம் இல்லையென்றால் சில்கபோர்க்கைத் தேர்ந்தெடுங்கள் என்பேன், ஏனெனில் அங்கே அறை சிறியது, கூட்டம் குறைவு. இவை காட்சிப்பொருட்கள் அல்ல, மனிதர்கள். அவர்களோடு தன்படம் எடுப்பதைத் தவிர்ப்பது குறைந்தபட்ச மரியாதை. சிறு குழந்தைகளுக்கு எதைப் பார்க்கப் போகிறோம் என்பதை நுழையும் முன்பே எடுத்துச் சொல்லுங்கள்.

நாட்கள் குறைவாக இருந்தால்

நான்கு நாட்கள் மட்டும் என்றால் ஹெல்சிங்ஓரையும் மோஸ்கோரையும் விடுங்கள். தேசிய அருங்காட்சியகம், ரோஸ்கில்ட, யெல்லிங், சில்கபோர்க் என்ற வரிசையைக் குலைக்காதீர்கள். மூன்று நாட்கள் என்றால் சில்கபோர்க்கும் போகும். இரண்டு நாட்களே இருந்தால் யூட்லாந்தை மறந்துவிட்டு, முதல் நாள் தேசிய அருங்காட்சியகம், மறுநாள் ரோஸ்கில்ட. கூடுதலாக ஒரு நாள் கிடைத்தவர்கள், 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஐந்து வைக்கிங் வட்டக் கோட்டைகளுள் ஒன்றான டிரெலபோர்க்குக்குச் செல்லலாம். ஹரால்ட் காலத்து மண் மதில் முழு வட்டமாக நிற்கிறது, அதன் மேல் ஒரு சுற்று நடக்கலாம். ஸ்லாகல்ச நிலையத்தில் இறங்கி, மீதித் தொலைவுக்குச் சைக்கிளோ டாக்சியோ எடுத்துக்கொள்ளுங்கள்.